ஐந்தாவது அச்சம்

தொல்காப்பியர் எதையும் எண்ணாமல் விடுகிறவர் அல்லர். எழுத்தை எண்ணினார், சொல்லை எண்ணினார். பிறகு மனிதனுடைய சிரிப்பையும் அழுகையையும்கூட எண்ணத் தொடங்கிவிட்டார். பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் உணர்ச்சிகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நான்கு காரணங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அச்சத்துக்கும் நான்குதான். வருத்துகின்ற தெய்வமும் பேயும் அடங்கிய அணங்கு ஒன்று, கொடிய விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தண்டிக்கும் அதிகாரம் படைத்த தலைவன் ஒன்று.

நான்கு என்ற எண்ணிடம் எங்களுக்கு உள்ளூரப் பாசம் உண்டு. நான்கு ஏரிகளால்தான் நாங்குநேரி என்று பெயர் வந்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனாலும் இந்த நான்கில் அடங்காத ஓர் அச்சத்தை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். எதிரே புலி இல்லை, கள்வன் இல்லை, கோபக்கார அதிகாரி இல்லை. மனிதர் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அல்லது பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கிறார். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூச்சு போதவில்லை. கை நடுங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது. "இதோ, செத்துக்கொண்டிருக்கிறேன்" என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் "பைத்தியம் பிடிக்கப் போகிறது" என்று தோன்றுகிறது. கால்மணியோ அரைமணியோ கழிகிறது. எல்லாம் அடங்கிவிடுகிறது. வந்தது எது, போனது எது என்று தெரியாமல் மனிதர் விழிக்கிறார்.

காரணமில்லாமல் வருகிற இந்த அச்சத்தை ஐந்தாவது அச்சம் என்று வைத்துக்கொள்வோம். இன்று பானிக் அட்டாக் என்று பெயர் சொல்லுகிறார்கள். பெயர்தான் புதிது. ஆள் மிகப் பழைய ஆள்.

அந்தப் பெயரின் பூர்வீகமே சுவையானது. பானிக் என்ற சொல் பான் என்கிற கிரேக்க தேவதையிலிருந்து வந்தது. ஆட்டுக்கால்களும் கொம்புமாக மலைகளில் திரிகிற இடையர் தெய்வம் அது. ஆள் அரவமற்ற காட்டில், ஒரு காரணமும் இல்லாமல் மனிதனுக்கும் மந்தைக்கும் திடீரென்று வருகிற கிலியை அது கொடுப்பதாகக் கிரேக்கர்கள் நம்பினார்கள். உச்சிப் பொழுதில் பான் இளைப்பாறும், அப்போது குழல் ஊதி அதன் கோபத்தைக் கிளப்பக் கூடாது என்று அந்த நாட்டு இடையர்கள் பயந்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே, ஒற்றைப் பனை பக்கம் போகாதே என்று எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் பிள்ளைகளை மிரட்டாத நாள் இல்லை. கிரேக்க தேசத்தில் பானுக்கு இருந்த உத்தியோகத்தை இங்கே மாடனும் முனியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்குநேரியில் வானமாமலைப் பெருமாளுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. பெருமாளுக்குச் சாத்திய எண்ணெய் சேர்கிற கிணற்றைத் தேடித் தூர தேசத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வருவார்கள். ஆனால் ராத்திரி பயந்தவனை யாரும் பெருமாளிடம் அழைத்துப் போவதில்லை. அந்த வழக்கு ஊருக்கு வெளியே இருக்கிற சுடலைமாடனுடைய கோர்ட்டுக்குத்தான் போகும்.

நாங்குநேரிக்குத் தென்கிழக்கே இருக்கும் இடையன்குடியில் 1841-இல் வந்து குடியேறியவர் கால்டுவெல் பாதிரியார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய அதே கால்டுவெல்தான். இந்த வட்டாரத்து மக்களின் பேய் வழிபாட்டைப் பற்றி அவர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அகாலமாகவும் கொடுமையாகவும் செத்தவர்கள் பேயாகிறார்கள் என்ற நம்பிக்கையையும் குறித்திருக்கிறார். பாதிரியாருடைய கண்ணில் அது அஞ்ஞானமாகத் தெரிந்தது. எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. காரணமில்லாத பயத்தை மனிதனால் சுமக்க முடியாது. அதற்கு ஒரு சொந்தக்காரனை நியமித்தால்தான் நிம்மதி. "மாடன் அடித்துவிட்டான்" என்று சொன்னவுடனே அந்தப் பயத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது, பரிகாரமும் கிடைத்துவிடுகிறது. திருநீறு போடலாம், தண்ணீர் ஓதிக் கொடுக்கலாம், கொடை நேர்ந்துகொள்ளலாம். பயந்தவரைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தனியாக விடமாட்டார்கள். அந்தத் துணையே பாதி மருந்து என்பதை நான் மறுக்கவில்லை.

மீதிப் பாதியில்தான் கோளாறு. திருநீற்றில் நிற்காமல் வேப்பங்குழைக்கும் சாட்டைக்கும் போனவர்கள் உண்டு. அதற்கும் மேலே சங்கிலிக்குப் போனவர்களும் உண்டு. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டியிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் மாண்டுபோனார்கள். அவர்களுடைய நோய் வேறு, நான் சொல்லுகிற படபடப்பு வேறு. ஆனால் மனம் சம்பந்தப்பட்ட எதையும் வெளியில் சொல்ல நம்மவர்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்பதற்கு இந்த மாதிரிச் செய்திகளும் ஒரு காரணம். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871-இல் திறந்த ஆஸ்பத்திரியின் பெயரே நம் சினிமாவில் ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால் "கீழ்ப்பாக்கம்" என்று சிரிப்பார்களோ என்று நினைத்தே எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்களோ!

அந்த 1871-ஆம் வருஷத்தை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஐந்தாவது அச்சத்தின் சரித்திரத்தில் அது முக்கியமான வருஷம்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிலடெல்பியாவில் டாகோஸ்டா என்கிற டாக்டர், போர்க்காலத்தில் தாம் பார்த்த 300-க்கும் மேற்பட்ட சிப்பாய்களைப் பற்றி அந்த வருஷம் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுக்கு நெஞ்சு படபடப்பு, மார்பு வலி, மூச்சிரைப்பு. ஆனால் இருதயத்தைச் சோதித்துப் பார்த்தால், வியாதி என்று சொல்லும்படி பெரும்பாலோரிடம் ஒன்றும் காணோம். "எரிச்சலுற்ற இருதயம்" என்ற பொருளில் அவர் இதற்கு ஒரு பெயரிட்டார். அதே வருஷத்தில் பெர்லினில் வெஸ்ட்பால் என்ற டாக்டர் வேறொரு விசித்திரத்தை எழுதினார். திறந்த மைதானத்தையோ ஆளில்லாத வீதியையோ கடக்க முடியாமல் நடுங்கிய மூன்று ஆண்களின் கதை அது. அதற்கு அவர் வைத்த அகோரபோபியா என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஒருவர் நெஞ்சைப் பார்த்தார். மற்றவர் வீதியைப் பார்த்தார். இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள் என்பது தெரிவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. முதல் உலகப் போரில் மறுபடியும் ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு இந்தப் படபடப்பு வந்தது. லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற இருதய நிபுணர் 1918-இல் "சிப்பாயின் இருதயம்" என்று இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1941-இல்தான், அதே இருதய வைத்தியத் துறையைச் சேர்ந்த பால் உட் என்பவர் துணிந்து சொன்னார்: இது இருதயத்தின் நோய் அல்ல, அச்சத்தின் வேலை என்று. டாகோஸ்டாவின் கட்டுரை வெளிவந்து சரியாக எழுபது ஆண்டுகள். அத்தனை காலமும் டாக்டர்கள் நெஞ்சிலேயே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர்களுக்கு முன்னாலேயே ஒரு நாவலாசிரியர் இதைக் கண்டுகொண்டார். அவர் பெயர் டால்ஸ்டாய்.

1869-ஆம் ஆண்டு. டால்ஸ்டாய்க்கு நாற்பத்தொரு வயது. "போரும் அமைதியும்" அநேகமாக முடிந்துவிட்டது. மனைவி, குழந்தைகள், நிலம், புகழ் எதிலும் குறைவில்லை. பென்ஸா மாகாணத்தில் ஒரு பண்ணை விலைக்கு வருகிறது என்று பார்க்கப் புறப்பட்டார். வழியில் அர்ஸமாஸ் என்ற ஊரில் இரவு தங்கினார். விடியற்காலை இரண்டு மணி. களைப்பும் தூக்கக் கலக்கமும் இருந்தன. உடம்பில் நோவு எதுவும் இல்லை. திடீரென்று அதுவரை வாழ்நாளில் அறியாத ஒரு திகில் அவரைப் பிடித்துக்கொண்டது. இதே மனிதர் செவஸ்தபோல் முற்றுகையில் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே நின்றவர்! படுக்கையிலிருந்து குதித்து எழுந்து, வண்டியில் குதிரையைப் பூட்டச் சொன்னார். பூட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்துவிட்டார். எழுந்தபோது எல்லாம் சரியாயிருந்தது.

இது எப்படித் தெரியும் என்றால், செப்டம்பர் 4-ஆம் தேதி மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதத்தில் அடுத்து வரும் சிறிய விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மறுநாள் பிரயாணத்திலும் அந்த உணர்ச்சி தலைகாட்டியது. ஆனால் இந்தத் தடவை தாம் தயாராக இருந்ததாகவும், அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றும், அது முன்னைவிடப் பலவீனமாகவே வந்தது என்றும் எழுதுகிறார். முதல் நாள் வந்தவன் முகம் தெரியாத கள்வன். மறுநாள் வந்தவன் அடையாளம் தெரிந்த கள்வன். அடையாளம் தெரிந்ததும் அவனுடைய பலம் பாதியாகிவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு 1884-இல் அந்த இரவைக் கருவாக வைத்து "ஒரு பைத்தியக்காரனின் குறிப்புகள்" என்ற கதையை எழுதத் தொடங்கினார். அதை அவர் முடிக்கவே இல்லை.

ருஷ்யாவிலிருந்து இப்போது மதுரைக்கு வருவோம்.

1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் நடுப்பகுதி. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீட்டு மாடி அறை. அங்கே வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் தனியாக இருக்கிறான். திருச்சுழியில் வக்கீலாக இருந்த தகப்பனார் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு காலமாகிவிட்டதால், சிற்றப்பா வீட்டில் தங்கி அமெரிக்கன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். நல்ல திடகாத்திரமான பையன். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. திடீரென்று "சாகப் போகிறேன்" என்ற பயம் அவனைப் பிடித்தது.

இந்தப் பையன்தான் பிற்காலத்து ரமண மகரிஷி. அன்று நடந்ததை அவரே சொல்ல, 1931-இல் வெளியான அவருடைய சரித்திரத்தில் நரசிம்ம சுவாமி பதிவு செய்திருக்கிறார். டாக்டரைக் கூப்பிட வேண்டும், பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. கீழே ஓடவும் இல்லை. வந்த பயத்தைச் சந்திப்பது என்று முடிவு செய்தார். சாவு வந்துவிட்டது, சரி. சாவு என்றால் என்ன? படுத்தார். கைகால்களைப் பிணம்போல் விறைக்க நீட்டினார். மூச்சை அடக்கி உதடுகளை இறுக மூடிக்கொண்டார். இந்த உடம்பு செத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அதோடு நானும் செத்தேனா என்று தம்மைக் கேட்டார். அந்தக் கேள்வி அவரை எங்கே கொண்டுபோயிற்று என்பது நாடறிந்த கதை. ஆகஸ்ட் 29-ஆம் தேதி வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். 1950-இல் சமாதி அடையும் வரை அந்த மலையை விட்டுப் போகவில்லை.

மகரிஷிக்கு வந்தது ஒரு வியாதி என்று சொல்லும் அசட்டுத் துணிச்சல் எனக்கு இல்லை. படபடப்பு வந்தவர்கள் எல்லாரும் ஞானியாகிவிடலாம் என்று ஆசை காட்டவும் வரவில்லை. அவர் அடைந்தது நம் அளவுகோலுக்கு அப்பாற்பட்டது. ஆனால் அந்தச் சில நிமிஷங்களின் தொடக்கத்தை மட்டும் பாருங்கள். ஓர் ஆரோக்கியமான மனிதன், ஒரு சாதாரண அறை, காரணமில்லாத மரண பயம். அர்ஸமாஸிலும் அதேதான் நடந்தது. டால்ஸ்டாய் குதிரையைப் பூட்டச் சொன்னார். வேங்கடராமன் படுத்துக்கொண்டு, "வருவது வரட்டும்" என்று பார்த்தார். ஓடுவது, நிற்பது என்ற இந்த இரண்டு வழிகளில்தான் இந்த அச்சத்தின் முழு வைத்தியமும் அடங்கியிருக்கிறது என்று இன்றைய சாஸ்திரமும் சொல்லுகிறது.

அது எப்படி என்று பார்க்கலாம்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் குல்லாய் வைத்ததுபோல ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. ஆபத்து என்று மூளை கூவினால் அது அட்ரினலினை ரத்தத்தில் பாய்ச்சும். சண்டை போடு, இல்லாவிட்டால் ஓடு என்று உடம்பைத் தயார் செய்கிற ஏற்பாடு இது என்று வால்டர் கேனன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1915-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். இருதயம் வேகமாக அடிப்பது, கை கால் தசைகளுக்கு ரத்தம் அனுப்ப. வியர்ப்பது, உடம்பைக் குளிர வைக்க. மூச்சு வாங்குவது, பிராணவாயு சேர்க்க. புலி எதிரே இருந்தால் இவ்வளவும் நமக்கு உபகாரம். புலியே இல்லாமல் மணி அடித்துவிட்டால்? ஓடாமல் நின்றபடியே வேகமாக மூச்சு விடுகிறோம். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலை சுற்றுவதும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துச் சுறுசுறுப்பதும் அதனால்தான்.

இந்த அடையாளங்கள் அபாயமானவை அல்ல. இவற்றைப் பார்த்து மனிதன் செய்துகொள்ளும் வியாக்கியானம்தான் அபாயம். "நெஞ்சு அடிக்கிறதே, மாரடைப்போ?" என்று நினைத்த மாத்திரத்தில் புதிதாக ஒரு பயம். புதிய பயத்துக்குப் புதிய அட்ரினலின். நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. செக்குமாடு மாதிரி இந்தச் சுற்று நடக்கிறது. டேவிட் கிளார்க் என்ற ஆங்கில மனோதத்துவ நிபுணர் 1986-இல் இந்தச் சுற்றைத் தெளிவாக எழுதிக் காட்டினார். அதற்கு முன்பே, 1980-இல், அமெரிக்க மனோவைத்தியர்களின் கைநூல் இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டிருந்தது.

இதையே ஏட்டுப் படிப்புக்கு முன்னால் அனுபவத்தில் கண்ட ஒரு பெண்மணி உண்டு. ஆஸ்திரேலியாவில் 1903-இல் பிறந்த கிளேர் வீக்ஸ். இளம் விஞ்ஞானியாக இருந்தபோது அவருக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லி, மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்துவிட்டார்கள். வெளியே வந்தபோது காசம் இல்லை. ஆனால் ஓயாத நெஞ்சுப் படபடப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னார். பதுங்குகுழியில் தங்களுக்கெல்லாம் அப்படித்தான் அடித்துக்கொள்ளும், அது வெறும் பயம்தான் என்று நண்பர் வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் வீக்ஸ் அம்மையாருக்குத் தெளிவு பிறந்தது. பிறகு டாக்டருக்குப் படித்தார். 1962-இல் நோயாளிகளுக்கென்றே எளிய நடையில் ஒரு புத்தகம் எழுதினார். எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து போ, காலத்தைக் கடக்க விடு என்ற நான்கு படிகள்தான் அவர் உபதேசம். இங்கேயும் நான்கு வந்துவிட்டது பாருங்கள்!

எங்கள் ஊர்ச் சந்நிதித் தெருப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் இந்த நான்கு படிகளையும் புத்தகம் படிக்காமலே ஏறினார். சரக்கு எடுக்கத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனவருக்கு, மூன்றடைப்பு வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். இறங்கியதும் சரியாகிவிட்டது. அதுதான் வினை. பஸ்தான் எமன் என்று மனம் தீர்ப்பெழுதிவிட்டது. அடுத்து பஸ்ஸை விட்டார். பிறகு கல்யாண வீடுகளை விட்டார். கடைசியில் கடைக்கே மகன் துணையில்லாமல் போவதில்லை என்று ஆயிற்று. மூன்று தடவை ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று.

"எல்லாரும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைன்னு சொல்லுதாங்க, தம்பி. ஒண்ணுமில்லாததுக்கா உசிரு போற மாதிரி வருது? அப்பம் நான் நடிக்கேனா?" என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. "ஒன்றுமில்லை" என்பது இருதயத்தைப் பற்றிய பதில். மனிதருக்குப் பதில் அல்ல. கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டர் அவருக்குப் பதில் சொன்னார், அதுவும் வாயால் அல்ல. நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு நிமிஷம் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். தலை சுற்றியது, விரல் மரத்தது, நெஞ்சு அடித்தது. மூன்றடைப்பில் வந்த அதே ஆள்! "பாத்தீங்களா ஐயா, நீங்களே வரவழைச்சிட்டீங்க. இது எமன் இல்லை, மூச்சு" என்றாராம் டாக்டர். சில மாதம் மாத்திரையும் கொடுத்தார். கூடவே, மகனோடு மூன்றடைப்பு வரை பஸ்ஸில் போய்த் திரும்ப வேண்டும். நெஞ்சு அடித்தாலும் இறங்கக் கூடாது. அடுத்த வாரம் பொன்னாக்குடி, அதற்கடுத்து ரெட்டியார்பட்டி என்று பாடம் வைத்தார். "மூணு தடவை வந்துச்சு, தம்பி. வா, உக்காருன்னுட்டேன். பொன்னாக்குடிகிட்ட அதுவே இறங்கிப் போயிட்டு" என்று அண்ணாச்சி சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதம், ஆயிரம் ரூபாய்ப் பட்டுக்கு நல்ல விலை கிடைத்தபோதுகூட இருந்திருக்காது.

இந்த வரலாற்றிலிருந்து குடும்பஸ்தர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியதைத் தொகுத்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது அறிவீனம் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். முதன்முறையாக நெஞ்சுவலி வந்தால், அது படபடப்புதான் என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. நெஞ்சை அமுக்கி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, அதுவும் நாற்பது கடந்தவருக்கு, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவருக்கு வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைராய்டுக் கோளாறும் ரத்தசோகையும்கூடப் படபடப்பைக் கொண்டுவரும். ஒரு தடவை முறையாகச் சோதித்துக்கொள்வது விவேகம். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகும் மாதாமாதம் ஈ.சி.ஜி. எடுப்பது, பயத்துக்குப் படி அளப்பது போல.

இரண்டாவது, வந்துவிட்டால் ஓட வேண்டாம். இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்து, "இது அதுதான், உச்சிக்குப் போகும், பத்து நிமிஷத்தில் இறங்கத் தொடங்கும்" என்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விட வேண்டும். மயங்கி விழுந்துவிடுவோம் என்ற கவலை வேண்டாம். மயக்கம் வருவது பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று விழும்போது. படபடப்பிலோ அது சாதாரணமாக ஏறுகிறது. முன்காலத்தில் காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வார்கள். அது நல்லதல்ல என்று இப்போது கைவிட்டுவிட்டார்கள்.

மூன்றாவது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு. "பயப்படாதே" என்று அதட்டுவதில் பயனில்லை. பயப்படாமல் இருக்கத் தெரிந்தால் அவர் ஏன் பயப்படுகிறார்? கூட்டம் கூட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசி, நம் மூச்சை நாம் நிதானமாக விட்டால் போதும். அவர் மூச்சும் அதைப் பின்பற்றும். மாடன் கோயில் முற்றத்தில் நம் முன்னோர்கள் செய்த நல்ல காரியம் அதுதான்: பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு சாட்டையை விட்டுவிடலாம்.

நான்காவது, அடிக்கடி வந்தால் மனநல டாக்டரைப் பார்ப்பதில் வெட்கமில்லை. பேச்சு முறையிலும் பயிற்சியிலும் குணப்படுத்துகிறார்கள். தேவையானால் மருந்தும் உண்டு. தூக்க மாத்திரையைத் தாமாகக் கடையில் வாங்குவதும், பாட்டிலைத் தேடிப் போவதும் மட்டும் கூடாது. அவை இன்று பயத்தை அடக்கி, நாளைக்கு வட்டியோடு திருப்பித் தரும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி ஏற்பாடு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகலாகத் தமிழிலேயே, இலவசமாக, ஆலோசனை கேட்கலாம். விடியற்காலை இரண்டு மணிக்கு அர்ஸமாஸில் டால்ஸ்டாய்க்கு இந்த வசதி இல்லை.

தொல்காப்பியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உணர்ச்சி உள்ளத்தில் தோன்றி மெய்யில் வெளிப்படுகிறது என்று கண்டு, அதற்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்ததே அந்த மரபின் பெரிய கண்டுபிடிப்பு. டாகோஸ்டாவிலிருந்து பால் உட் வரை டாக்டர்கள் எழுபது ஆண்டுகள் தேடியது அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. நெஞ்சு அடித்துக்கொண்டால், மெய்யில் தெரிவது மெய்யின் நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளத்து அச்சம் வெளியே வந்து முகம் காட்டுவதாகவும் இருக்கலாம். முகம் காட்டினால் நல்லதுதான். அடையாளம் பார்த்துவிட்டால், மறுமுறை வரும்போது நாம் தயாராக இருக்கலாம்.